பத்து நிமிடம் ஆடக்கூடாது

"இறுக்கமில்லை அப்பா. நல்லாத்தான் இருக்கு" என்று வினோதா மூன்றாவது தடவையாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் பச்சைப் புளியங்காயைக் கடித்ததுபோலச் சுருங்கியது.

பூபாலசிங்கம் நிலத்தில் குந்தியிருந்து, மகள் காலில் இருந்த பெரிய கறுப்புச் சப்பாத்தின் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஸ்னோபோர்ட் பலகையில் நின்று பனியில் சறுக்குவதற்கென்றே செய்த சப்பாத்து அது. வெளியே கல்லுப்போல ஒரு கோது. உள்ளே, கழற்றி எடுக்கக்கூடிய மெத்தென்ற உள்சப்பாத்து. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வினோதாவுடன் வேலை செய்யும் லீன என்ற டெனிஷ் தாதி இரவல் கொடுத்தது.

வினோதாவும் தாதிதான். இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, நாளை மத்தியானம் லீனவோடு நோர்வே மலைக்குப் போகிறாள். பில்லுண்ட் விமான நிலையம் தாய் தகப்பன் இருக்கும் கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கம் என்பதால் இன்று காலையே அவர்களிடம் வந்துவிட்டாள்.

"இதைப் போட்டுக்கொண்டு ரெண்டு கிழமை நிண்டியெண்டால் உன்ரை கால் முறுக்குப் பிழிஞ்ச மாதிரித்தான் திரும்பி வரும்."

"நான் சமாளிப்பன். விடுங்கோ அப்பா."

பூபாலசிங்கத்துக்கு விடத் தெரியாது. அந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக அச்சு மெசினில் நிற்பவர். வாளி, பூச்சாடி, மீன்பெட்டி என்று அவர் சூடாக்கி வளைக்காத பிளாஸ்ரிக் டென்மார்க்கில் கிடையாது என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம்.

உள்சப்பாத்தைக் கழற்றி, அதன் கழுத்தில் தைத்திருந்த சிறு துண்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். சூடாக்கினால் காலின் வடிவத்துக்கு வரும், கடையில் கொடுத்துச் செய்விக்கவும் என்று இருந்தது. முதல் பாதி அவருக்குப் பிடித்தது. இரண்டாம் பாதி வேறு ஆட்களுக்கு எழுதியது.

"ஒரு மணித்தியாலம் தா. உன்ரை காலுக்கெண்டே வார்த்த மாதிரிச் செய்து தாறன்."

"அப்பா, அது லீனவின்ரை சாமான்!"

"திருப்பிக் குடுக்கேக்கை அவ எனக்கு நன்றி சொல்லுவா."

அவர் இப்படி மினக்கெட இன்னொரு காரணமும் இருந்தது. இலங்கையில் சண்டை முடிந்து வந்த முதல் குளிர்காலம் அது. அவருடைய அக்கா கமலாதேவி முகாமிலிருந்து வெளியே வந்து, ஷெல் துண்டு பட்ட காலோடு வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்தா. "நான் ஒருக்காப் போய் மாமியின்ரை காலைப் பாத்திட்டு வாறன்" என்று ஒக்டோபரில் வினோதா கேட்டாள். "சண்டை முடிஞ்சது ரிவியிலை. அங்கை முடிஞ்சுதோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? என்ரை வீட்டிலையிருந்து ஒருத்தரும் போகேலாது" என்று பூபாலசிங்கம் கத்திவிட்டார். கத்தியது பயத்தில்தான். அதன்பிறகு அவள் அந்தக் கதையே எடுக்கவில்லை. பிள்ளை சொல்லுக் கேட்டதில் அவருக்குப் பெருமை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. நோர்வே என்று அவள் சொன்னதும்தான் முள் சற்று இளகியது. உலகத்திலேயே பாதுகாப்பான நாடு! அங்கேயாவது பிள்ளை கால் நோகாமல் போய்வரட்டும்.

முதலில் ஓவன். நூற்றிப்பத்துப் பாகையில் பத்து நிமிடம் என்று துண்டில் இருந்தது.

"நூற்றியெழுபதிலை வைச்சால் அஞ்சு நிமிஷம் போதும்" என்று கணக்குப் போட்டு, வலது உள்சப்பாத்தை உள்ளே தள்ளினார். முதல்நாள் அவருடைய மனைவி பவளராணி அதில் மீன் பணிஸ் சுட்டிருந்தா. நாலாவது நிமிடம் மீன் வாசத்தோடு கரும்புகை வந்தது. முகட்டில் இருந்த புகை மணி வீரிட்டது. பூபாலசிங்கம் தும்புத்தடியால் ஒன்று போட்டார். மணி இரண்டாக உடைந்து, பெரிய பாதி சோபாவுக்கு அடியில் போய்க் கிடந்து தொடர்ந்து வீரிட்டது.

அதைத் தேடிப் பிடித்து பற்றரியைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தால், உள்சப்பாத்து பொரித்த அப்பளம்போலச் சுருண்டிருந்தது. இப்போது வினோதாவின் கால் பாதிக்குமேல் உள்ளே போகவில்லை.

"நான் இப்பிடியே கொண்டு போறன் அப்பா. அங்கை வாடகைக்குச் சப்பாத்து எடுக்கலாம்."

"பேய்க்கதை கதையாதை. பிழை சூட்டிலை இல்லை. சூடு வெளியிலையிருந்து வந்ததுதான் பிழை. உள்ளுக்கையிருந்து வரவேணும்."

உள்ளுக்குள் சூடு கொடுக்க அவர் கண்டுபிடித்தது அரிசி. நீளக் காலுறைக்குள் அரிசியை நிரப்பி, மைக்ரோவேவில் சூடாக்கி, உள்சப்பாத்துக்குள் திணித்தால் கால் இருப்பதுபோலவே இருக்கும்.

"இஞ்சரும்! கொஞ்சம் அரிசி தாரும்."

மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பவளராணி இறங்கி வந்தா. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருக்கும் தங்கைக்கு முழங்கால் ஒப்பரேசன். சமைத்துக் கொடுக்கவென்று அவவும் நாளைக்கே போகிறா.

"எவ்வளவு வேணும்? மூண்டு சுண்டு காணுமே?"

பூபாலசிங்கம் ஆச்சரியப்பட்டார். வேறு நாளென்றால் சம்பா அரிசியில் கைவைக்க விட்டிருக்கமாட்டா. இன்று ஏன் எதற்கு என்று ஒரு கேள்விகூட இல்லை. தங்கையிடம் போகிற சந்தோசம் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அரிசி நன்றாகத்தான் சூடேறியது. ஆனால் அவர் எடுத்தது பெருவிரல் பக்கம் தைத்துப் போட்ட பழைய காலுறை. சப்பாத்தின் முனைவரை தள்ளியதும் தையல் விட்டது. மூன்று சுண்டு அரிசியும் சரசரவென்று உள்ளே இறங்கி மூலையெல்லாம் நிரம்பியது.

கவிழ்த்தார், தட்டினார், கரண்டிக் காம்பால் கிண்டினார். பாதிதான் வந்தது. உடனே தூசு உறிஞ்சும் மெசினைக் கொண்டுவந்து குழாயை உள்ளே விட்டார். மெசின் அரிசியை உறிஞ்சியது. அரிசியோடு உள்ளே இருந்த அடித்தட்டையும் இழுத்தது. தொண்டையில் சிக்கியதுபோல இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

"ஃபார், ஸ்டொப் நூ!" என்றாள் வினோதா. கோபம் வந்தால் அவளுக்கு டெனிஷில்தான் வரும், அப்பா 'ஃபார்' ஆகிவிடுவார். நிறுத்தச் சொல்கிறாள் என்று அவருக்கு விளங்காமல் இல்லை.

"நிப்பாட்டுறதோ? இப்பதான் பிள்ளை வேலை பிடிபடுது."

கராஜில் இருந்து சூடுகாற்றுத் துவக்கை எடுத்துவந்தார். பெயின்ற் உரிக்க வாங்கியது. தன்னுடைய குளியலறைச் செருப்பை வெட்டிப் புதிய அடித்தட்டுச் செய்தார். பிறகு உள்சப்பாத்துக்குள் காற்றைப் பிடித்து, தொழிற்சாலையில் செய்வதுபோல மெல்ல மெல்லச் சுற்றினார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சுருண்டது விரிந்தது. மடிந்தது நிமிர்ந்தது. விரலால் அழுத்தினால் பாண்போல அமுங்கி மேலே வந்தது.

"பாத்தியோ! கெதியாக் காலை வை!"

வினோதா தாயைப் பார்த்தாள். தாய் முகட்டைப் பார்த்தா.

"போடு பிள்ளை. அப்பா ஆசைப்படுறார்" என்று சொல்லிவிட்டுப் பவளராணி மேலே போய்விட்டா.

உள்சப்பாத்தைக் கோதுக்குள் மாட்டி, வினோதா காலை விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. குதிக்கால் பின்னுக்கு ஒட்டவேண்டும் என்று, இரண்டு ரெலிபோன் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் அவள் முன்பாதத்தை ஏற்றி நிறுத்தினார். நாடாவை இழுத்துக் கட்டினார்.

"பத்து நிமிஷம். ஆறும்வரைக்கும் ஆடக்கூடாது. மூச்சு விடலாம். வேறை ஒண்டும் செய்யப்படாது."

"சரி."

"நோகுதோ?"

"இல்லை அப்பா. உண்மையா இல்லை. நல்ல சுகமா இருக்கு."

பூபாலசிங்கம் இடுப்பில் கைவைத்து நின்றார். திங்கட்கிழமை தொழிற்சாலையில் இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். புகை மணியையும் அரிசியையும் சொல்லத் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் வினோதாவின் கண் கலங்கியிருந்தது.

"பிறகேன் அழுறாய்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் நல்ல அப்பா."

பிள்ளையின் தலையைத் தடவப் போனவர், தடவினால் ஆடிவிடுவாள் என்று கையை இழுத்துக்கொண்டார்.

ஆறாவது நிமிடம் குசினிக்குள் அவளுடைய கைப்பையில் மொபைல் அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது.

"அப்பா, அதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

"போனுக்குக் கை நீட்டுவாய், குதிக்கால் கிளம்பும். அடிக்கட்டும்."

மொபைல் ஓய்ந்தது. உடனே அவருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டு ரெலிபோன் அலறியது.

"எடுக்காதேங்கோ!" வினோதா போட்ட சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "லீனவாத்தான் இருக்கும், நான் கதைக்கிறன்!"

"ஆடாதை எண்டெல்லோ சொன்னனான்!"

மேலேயிருந்து பவளராணி இறங்கி வந்த வேகத்தை முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் கண்டதில்லை. "இஞ்சாருங்கோ, அது என்ரை தங்கச்சி! என்னட்டைத் தாங்கோ!"

வினோதா சப்பாத்தில்லாத காலை எடுத்து வைத்தாள். சப்பாத்து வளையாததால் மற்றக் கால் கூட வரவில்லை. சோபாவில் குப்புற விழுந்து, அங்கிருந்தே கையை நீட்டினாள்.

பூபாலசிங்கம் ரெலிபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் பொலிஸ்காரன்போல இருவரையும் மறித்தார். "ரெண்டு பேரும் நில்லுங்கோ! மிச்சம் நாலு நிமிஷத்தைக் குழப்பிப் போட்டியள். எனக்கு ஒரு போன் கதைக்கத் தெரியாதே?"

தொண்டையைச் செருமி, காதில் வைத்தார்.

"பூபாலசிங்கம்."

"அண்ணை, நான் கொப்பன்ஹேகனிலையிருந்து ரிக்கெற் போடுற அந்தோனிதாசன் கதைக்கிறன். பிள்ளையின்ரை மொபைலுக்கு அடிச்சன், எடுக்கேல்லை. வேறை ஒண்டுமில்லை, நாளைக்கு பவளராணி அக்காவும் பிள்ளையும் போற கொழும்புப் பிளேன் ரெண்டு மணித்தியாலம் பிந்துதாம், ஆறுதலா வெளிக்கிடச் சொல்லுங்கோ."