லிஃப்ட் குழிக்குள் ஒரு கதவு

நாம் நம்பும் ஒருவரைச் சோதித்துப் பார்ப்பது தப்பா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் கள்ளக்கதவு அண்ணன். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை அவர் சோதிக்காமல் விட்டது நடராஜர் ஒருவரைத்தான். அதுவும் எனக்குத் தெரிந்த வரையில்.

தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். நெற்றியில் 'சிதம்பரம்' என்று எழுதிய பஸ்ஸில் ஏறி, "இது விழுப்புரம் போவுமா?" என்று கண்டக்டரிடம் கேட்பார். "போவாது, இறங்கு" என்று பதில் வந்தால் திருப்தியாக உட்கார்ந்து சிதம்பரத்துக்கு டிக்கெட் கேட்பார். ஒருநாள் ஒரு கண்டக்டர் வெறுத்துப்போய், "யோவ், நேத்தும் இதான கேட்ட? போர்டு படிக்கத் தெரியாதா?" என்றார்.

"எனக்குத் தெரியும்பா. உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

சைவ ஓட்டலில் போய், "நெத்திலி இட்லி இருக்கா?" என்பார். ஒரு சர்வர் பாவம், காதில் வாங்காமலே "இருக்கு சார், ரெண்டு வெக்கட்டா?" என்றார். அண்ணன் எழுந்துவிட்டார். "இல்லாததை இருக்குன்றான். இவன் சாம்பார நம்பி எப்படி சாப்புடறது?" இப்படியே பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுதான். அங்கே சர்வர், "காலங்காத்தால இன்னா பைத்தியமா உனக்கு?" என்று கேட்டிருந்தார்.

எங்கள் ஆபீஸ் ஒரு செருப்புக்கடை மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டடங்களை செங்கல் வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் முழுசாகக் கட்டிப் பார்க்கும் வேலை. ஒரு மாடலில் ஆயிரக்கணக்கில் சுவர், கதவு, ஜன்னல் இருக்கும். 'மூன்றாம் மாடியில் மாடிப்படிப் பக்கம் திறக்கும் கதவுகளை மட்டும் பொறுக்கிக் கொடு' என்று கேட்க, சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொள்வோம். அது அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கித் தரும்.

அண்ணன் அந்த அரிசியில் தானே ஒரு கல்லைப் போடுவார். தேடுவதற்கு முன், மாடலில் எங்காவது வேண்டுமென்றே ஒரு தப்பான கதவை வைப்பார். புரோகிராம் அதைப் பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் எழுதியவர் பாடு திண்டாட்டம். பெயர் வந்த வழி அதுதான்.

நான் பாப்பாவுக்காக நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்றாவது மாதம் ஓர் ஆஸ்பத்திரி மாடல் வந்தது. தீ எத்தனை நேரம் தாங்கும் என்று குறிக்காமல் விட்ட கதவுகளையெல்லாம் கண்டுபிடித்து, நாலு மணிக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும்.

புரோகிராம் எழுதி ஓட்டினேன். பூஜ்யம். ஒரு குறைகூட இல்லை! மனசுக்குள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஜீரோவா? ஆஸ்பத்திரி சுத்தமா இருக்கா, உன் புரோகிராமுக்குக் கண்ணு தெரியலியா?"

"சுத்தமாதான் அண்ணே இருக்கு."

"தள்ளு மா." மூன்றாம் மாடியில், லிஃப்ட் குழியின் சுவரில், எதுவுமே குறிக்காத ஒரு கதவை வைத்தார். திறந்து காலை வைத்தால் நேரே குழிதான். "இப்ப ஓட்டு."

பூஜ்யம்.

ஒவ்வொரு கதவுக்கும் அந்தத் தீ நேரத்தை எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதி அழித்த கட்டத்தைத்தான் நான் 'காலி' என்று தேடியிருந்தேன். ஒருநாளும் யாரும் எழுதாத கட்டம் அந்தப் புரோகிராமுக்குக் காலியாகவே தெரியவில்லை. திருத்தி ஓட்டினேன். முப்பத்தெட்டு கதவுகள் வந்து நின்றன. நாலு அடிக்க ரெண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் முழுக்க என் தலைக்குள் ஒரே குடைச்சல். அண்ணாமலை நகரில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தினமும், "நல்லா சாப்புட்டா மா" என்பார். தினமுமா? மறுநாள் சாதத்தோடு, தின்பண்டம் வைக்கும் டப்பாவைக் காலியாக மூடிக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் அதற்கும் "நல்லா சாப்புட்டா" வருகிறதா பார்ப்போம் என்று.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா மா, வெறும் டப்பாவ குடுத்துவுட்டுட்ட? புள்ள தொறந்து பாத்துட்டு ஒரே அழுகை. எங்க ஊட்டு கேவுரு அடைய பிச்சிக் குடுத்தேன். வேலை ஜாஸ்தியா உனக்கு?"

"மறந்துட்டேன் க்கா" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஆபீஸில் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அவருக்குப் புரியவே இல்லை. "அவுங்க பாஸ் ஆயிட்டாங்கல்ல? அப்பறம் ஏன் மா அழுவற?"

அழுகையைத் துடைப்பதற்குள் முதலாளி கத்திக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்காரர்களிடமிருந்து மெயில்: 'முப்பத்தேழு கதவுகளைக் கண்டுபிடித்ததற்கு நன்றி. லிஃப்ட் குழிக்குள் திறக்கும் அந்த முப்பத்தெட்டாவது கதவு யாருக்காக?'

சோதித்தபின் அதை எடுத்துவிட வேண்டியது என் வேலை. அவசரத்தில் மறந்தே போனேன். மூன்று மாதத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"யார் வெச்ச கதவு இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தார். "என் கதவு சார். நான்தான் வெச்சேன்."

பொய்யில்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. நானும் சொல்லியிருக்க வேண்டும். பாதி எழுந்தேன். அவர் மேஜைக்கடியில் கையைத் தாழ்த்தி, உட்காரு என்பதுபோல் ஆட்டினார். உட்கார்ந்துவிட்டேன். இனி எந்த மாடலிலும் கள்ளக்கதவு இருக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். அடுத்த வாரம் எனக்கு வேலை நிரந்தரமானது.

பேரன் பிறந்ததும் அண்ணன், தன் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். இரயிலில் ஏறும்போதுகூட டிக்கெட் பரிசோதகரிடம், "இது இராமேஸ்வரம் போவுமா?" என்று கேட்டாராம்.

போன மாதம், அண்ணன் போனபின் முதன்முதலாக, ஒரு புதுக் கட்டடத்தின் மாடலைத் தொடங்கினேன். எந்தக் கட்டடமானாலும் ஆபீஸின் வெற்று மூல மாடலை நகலெடுத்துத்தான் ஆரம்பிப்போம். பழக்கத்தில் ஒரு தேடல் ஓட்டினேன். இன்னும் ஒரு சுவர்கூடச் சரியாகக் கட்டாத இடத்தில் ஒரு கதவு வந்து நின்றது. மற்றவர்கள் அப்போதுதான் எடுத்திருந்த நகல்களைத் திறந்தேன், எல்லாவற்றிலும் இருந்தது. அண்ணன் மூல மாடலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தது:

'புடிச்சிட்டியா? நல்லது. அனுப்பறதுக்கு முன்னாடி என்னை எடுத்துடு மா. போன தடவ மாதிரி மறந்துடாத.'

இப்போது மூல மாடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. முதலாளி உத்தரவுப்படி அந்தக் கதவை அழிக்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். தினமும் கையை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். அங்கே அக்கா இன்னும் என்னை மறதிக்காரி என்றே நினைத்து, பாப்பாவுக்கு தினம் ஓர் அடை சேர்த்தே சுடுகிறார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

வாசகர்களே, என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் பதில் வரும்வரை அண்ணனின் கதவு அங்கேயே இருக்கட்டும்.