உயிரோடிருக்கும் அய்யாவுக்கு ஒரு திதி

ராமேஸ்வரம் கடற்கரையில் நான் என் அய்யாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கமுதிச் சந்தையில் மிளகாய் வத்தலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொன்னால் நீங்கள் பதறிவிடுவீர்கள், எங்கள் தெரு பதறிய மாதிரி.

இதற்கெல்லாம் காரணம் ஒரு புத்தகமும் ஒரு நாடகமும் ஒரு முதுகுப்பையும் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். (நாலாவதாக உங்கள் பெயரையும் எழுதுங்கள் என்று மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலை கிடையாது. நூலகத்தில் எடுத்த ஒரு பயணப் புத்தகத்தைக் கட்டிலில் படுத்தபடி மூன்றே நாளில் படித்து முடித்தேன். எழுதியவர் குளிர்தேசத்துக்காரர். மாதக்கணக்கில் நடக்கிறார், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தூங்குகிறார், கடைசியில் தன்னைத்தானே கண்டுபிடித்துவிடுகிறார். வழி எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் நடந்தது பனியில், நான் படுத்திருப்பது ராமநாதபுரம் ஜில்லாவில் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என்னை நானே கண்டுபிடித்தாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. (வீட்டில் எல்லோரும் என்னை எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள்.)

நாடகம் அதற்கு முந்தைய வாரத்துச் சோகம். நாங்கள் நான்கு பேர் ஒரு நவீன நாடகக் குழு வைத்திருந்தோம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரே ஒரு விதியைத்தான் மண்டையில் ஏற்றியிருந்தார். மேடையில் எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் 'ஆமா' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். 'இல்லை' என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். அரங்கேற்றம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பார்வையாளர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் நிச்சயதார்த்தத்துக்கு இடம் பார்க்க வந்தவர்கள். முதல் பத்து நிமிடம் நான் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் நவீனம். ஆறாவது நிமிடத்தில் வாட்ச்மேன் மேடைப் பக்கம் வந்து, "தம்பி, கரண்ட்டு இருக்கே, ஆரம்பிக்கலாம்ல?" என்றார். கடைசிக் காட்சியில் நான் தரையில் புரண்டு அழுதபோது இரண்டாவது வரிசை சிரித்தது. மறுநாள் குழுவின் வாட்சப் குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நான்தான் அட்மின், அதனால் கடைசி வரை இருந்தேன்.

அய்யா மிளகாய் வியாபாரி. நாடக விஷயம் கேள்விப்பட்டதும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஏலே, பொங்கலுக்குள்ள ஒரு வேலையில போய் உக்காரு. இல்லன்னா கமுதிக் கடையில தராசுக்கு எதுத்தாப்புல வந்து உக்காரு."

"மதுரையில இன்டர்வியூ இருக்குய்யா. மூணு நாளு ஆகும்."

"மூணு நாளு என்னத்தடா கேப்பாக?"

"பெரிய கம்பெனிய்யா. ஒரு நாளைக்கு ஒரு ரவுண்டு."

மனுஷர் நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டாரா? தெரு முழுக்கச் சொன்னார். விசேஷ வீட்டுக்கு மட்டும் போடும் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்து, "இதப் போட்டுக்கிட்டுப் போ. பாக்குறவன் மதிப்பான்" என்று கொடுத்தார். அதைப் பையின் அடியில் வைத்து, மேலே கூடாரத்தையும் நாலு புத்தகத்தையும் திணித்துக்கொண்டு கிளம்பினேன். புதுமடத்திலிருந்து கடலோரமாகவே நடந்து ராமேஸ்வரம் போவது திட்டம்.

புதுமடம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் என் பையைப் பார்த்தார். "என்ன சார், கடல அளக்க வந்தீகளா?"

"இல்லண்ணே. ராமேஸ்வரத்துக்கு நடந்து போறேன்."

"பஸ்ஸு இருக்கே."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா நடக்குறீக?" கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் அவரை அதட்டினார். "சும்மா கெடங்க. வீட்ல கோவிச்சுக்கிட்டு வந்துருக்கு புள்ள. இங்கன வா ராசா, சோறு திங்கிறியா?"

வழி கொடுப்பதை மறுக்கக் கூடாதே. சாப்பிட்டேன். அதுதான் அந்தப் பயணத்தின் கடைசி நல்ல காரியம்.

கடலோரமெல்லாம் கருவேல முள்ளாக இருந்ததால் தார் ரோட்டுக்கு ஏறினேன். எங்கள் பக்கத்தில் பையோடு நடக்கிற ஒருவனைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. போகிற பஸ்ஸெல்லாம் தானாக நின்றது. "ஏறுப்பா, காசு இல்லாட்டி பரவால்ல" என்று ஒரு கண்டக்டர் என் பையைப் பிடித்தே இழுத்தார். புது ஷூ கடித்தது. இரண்டாம் நாள் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கூடாரத்தை விரித்தேன். புத்தகத்துக்காரர் கூடாரத்துக்குள் படுத்து வானத்தைப் பார்ப்பார். நான் வெளியே நின்று என் கூடாரத்தை வானத்தில் பார்த்தேன். காற்றோடு இலங்கைப் பக்கம் போனது.

மூன்றாம் நாள் காலை பாம்பன் பாலத்தில் காற்றுக்கு எதிராகக் காலை இழுத்து இழுத்து நடந்தபோது, சிரிப்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. செல்போன் செத்திருந்தது. நாடகம் இல்லை, வேலை இல்லை, கூடாரமும் இல்லை. ஊரில் அய்யா இந்நேரம் யாரிடமாவது "இன்னைக்குத்தான் கடைசி ரவுண்டு" என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது, பையின் அடியில் இருந்த அந்தச் சட்டைதான் எல்லாவற்றையும்விடக் கனத்தது. என்னை நானே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அக்னி தீர்த்தக் கரைக்கு வந்து, ஷூவைக் கழற்றி, குதிகாலில் உடைந்த கொப்புளங்களோடு கடலில் காலை வைத்தேன்.

உப்புத் தண்ணீர்! நான் போட்ட அலறலில் காக்கைகள் பறந்தன. மணலில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு புரண்டேன். கண்ணீர் கொட்டியது. ஒரு கை என் தோளைத் தொட்டது. வயதான ஒரு புரோகிதர்.

"அழுதுருங்க தம்பி. அடக்கி வைக்கக் கூடாது" என்றார். பிறகு மெதுவாக, "அப்பாவா?"

இந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. பதினோரு பேரில் ஒருவரைக்கூட அசைக்க முடியாத என் அழுகை, இந்த ஒரு மனிதரைக் கலங்க வைத்திருந்தது. எந்த நடிகன் இல்லை என்பான்?

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் காட்சி காட்சியாக நடந்தது. "முடி எடுத்துட்டு வந்துர்றீங்களா?" ஆமா. முடி எடுப்பவர் மொட்டையை முடித்துவிட்டு, கத்தியை மேலுதட்டுக்கு மேல் நிறுத்தினார். "மீசையுமா?" எங்கள் ஊரில் அப்பனோ ஆத்தாளோ போனால்தான் ஒருவன் மீசையை எடுப்பான். மற்றபடி தலையை எடுத்தாலும் மீசையை எடுக்க மாட்டான். "ஆமா" என்றேன். (அந்தச் சொல்லை நிறுத்தும் பிரேக் என்னிடம் இல்லாமல் போயிருந்தது.)

ஈர வேட்டியோடு உட்கார்ந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, அய்யா பெயரைத் தெளிவாகச் சொல்லிப் பிண்டம் வைத்தேன். கடலில் கரைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே சேதுராமு சித்தப்பா நிற்கிறார். எங்கள் தெருக்காரர். தன் தாயாருக்குத் திதி கொடுக்க வேன் பிடித்து வந்தவர். என் மேலுதட்டைப் பார்த்தார். கையிலிருந்த சொம்பு விழுந்தது.

"அண்ணே போயிட்டாகளா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"இல்ல சித்தப்பா, அய்யா நல்லாத்தான் இருக்காக."

"அய்யோ, புள்ள பெனாத்துதே!"

புரோகிதர் தலையசைத்தார். "ஏத்துக்கச் சிரமமாத்தான் இருக்கும். இங்க தெனமும் பாக்குறேன். மணல்ல விழுந்து அழுத அழுகை இருக்கே, இவ்வளவு பாசமான புள்ளைய நான் பாத்ததில்ல."

"போனைக் குடுங்க சித்தப்பா, அய்யாகிட்டயே பேசுறேன்."

"இனி எந்த நம்பர்லடா பேசுவ?"

பிடுங்கி அய்யா நம்பரை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சந்தை நாளில் வியாபாரம் கெடும் என்று அய்யா போனை அணைத்துவிடுவார். "பாத்தியா?" என்று சித்தப்பா இன்னும் பெரிதாக அழுதார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னவன் முதல்முறையாக இல்லை என்கிறேன், ஒருவர் நம்பவில்லை.

என்னை வேனில் ஏற்றினார்கள். வழியெல்லாம் சித்தப்பா ஊருக்குப் போன் செய்துகொண்டே வந்தார். சந்தையில் மாரடைப்பு என்று ஒருவரும், மதுரை ஆஸ்பத்திரி என்று இன்னொருவரும் சேர்த்தார்கள். உடம்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மகன் மீசையை எடுத்துவிட்டான் என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் எல்லாம் தயார். (எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கு ஆறு மாதம் ஆகும். ஃப்ளெக்ஸுக்கு அரை மணி நேரம்.) அம்மா இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அதைப் பற்றி என்னால் இன்றைக்கும் வேடிக்கையாக எழுத முடியவில்லை.

அய்யா எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் சந்தையிலிருந்து வந்திருந்தார். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு போனது?" என்று கேட்டிருக்கிறார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியோடு சாய்ந்தார்.

நான் வேனிலிருந்து இறங்கியபோது அய்யா ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள். அய்யா திரும்பினார். என் தலையைப் பார்த்தார், மேலுதட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மூன்று ரவுண்டும் முடிந்தது.

"இதான் ஒன் மதுரையா?"

தலையைக் குனிந்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. சித்தப்பாதான் இடையில் புகுந்தார். "எண்ணே, அவன வையாதீக. கடக்கரையில அவன் விழுந்து பெரண்டு அழுததப் பாத்து அய்யரே கலங்கிப் போயிட்டாரு."

அய்யா பந்தல் பிரிக்கிறவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். (வராத ஒரு மச்சினரோடு இன்றுவரை பேச்சில்லை. "எஞ் சாவுக்கே வராதவன், வேற எதுக்கு வருவான்?") பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எனக்காடா அழுத?"

நான் அழுதது கொப்புளத்துக்காக. காலில் உப்பு பட்டதற்காக. அவ்வளவுதான் உண்மை.

"ஆமாய்யா" என்றேன்.

அடுத்த வாரமே தராசுக்கு எதிரே உட்கார்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதுகுப்பையில் சாம்பிள் வத்தல் இருக்கிறது. நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் மனைவி, "இந்தத் தடவ யாருக்கு?" என்று கேட்பாள். வருஷாவருஷம் அந்த நாள் வந்தால் அய்யா காலையிலேயே குளித்துவிட்டு, "ஏலே, இன்னைக்கு எனக்குத் தெவசம்டா. வடை சுடச் சொல்லு" என்பார். தானே உட்கார்ந்து எட்டு வடை தின்பார்.

கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. இன்டர்வியூ பொய்யைச் சொல்ல மாட்டார், கூடாரத்தைச் சொல்ல மாட்டார். "நாஞ் செத்தா எம் மகன் எப்புடி அழுவான்னு உசுரோட இருக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டவன்யா நானு" என்பார். நான் குதிகால் தழும்பு தெரியாமல் காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்வேன்.

அவர் மிளகாய் விலையைத் தவிர வேறெதுவும் படிப்பதில்லை. ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கட்டுரையை யாரும் அவருக்கு வாட்சப்பில் அனுப்பிவிடாதீர்கள்.