வேலிக்கதவும் இந்த வாரச் சொல்லும்

மலைப்பண்ணை, ஐடஹோ.
நவம்பர் கடைசி.

மதிப்பிற்குரிய மைத்துனர் மெரிட் அவர்களுக்கு,

வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை, ஆடுகளும் நலமில்லை. அங்கே நீங்களும், மூன்று வாரமாக உங்கள் சோபாவில் குடியிருக்கும் என் மனைவி டோர்லாவும் நலமாயிருப்பீர்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும் வீட்டில் நலத்துக்கு என்ன குறைச்சல்?

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை எங்கள் பண்ணையில் ஒத்திகை நாள். உலகம் ஒருநாள் கவிழத்தான் போகிறது, அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாதல்லவா? அதனால் காலையில் கரண்ட் மெயினை அணைத்துவிடுவேன், வேலிக்கதவைப் பூட்டிவிடுவேன், அந்த வாரத்து ரகசியச் சொல்லைச் சொல்லாமல் ஒரு ஈ காக்கை உள்ளே வர முடியாது. மூன்று வாரம் முன்பு அப்படி ஒரு சனிக்கிழமை, டோர்லா விடியுமுன்பே விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்குப் போய்விட்டாள். நான் வழக்கம்போல் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லை மாற்றிவிட்டேன். மத்தியானம் பனியில் நனைந்துகொண்டு வந்து நிற்கிறாள்.

"கதவத் திற, வெர்லின். கை மரத்துப்போச்சு."

"இந்த வாரச் சொல் என்ன?"

"நான் உன் பொண்டாட்டிடா!"

"யார் வேணா அப்படிச் சொல்லலாமே."

"உன்ன மாதிரி அடிமுட்டாள் இந்த மலையிலயே கிடையாது!"

"அதுவும் தப்பு" என்றேன்.

எண்ணெய் டின்னை வெளியே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். அவ்வளவுதான்.

வீம்பில் மெயினைப் போடவே மறந்து தொலைத்தேன், ஃப்ரீசரில் இருந்த எல்க் மான் கறி முழுக்க உருகி ஓடிற்று, சரி, வேகவைத்துச் சாடிகளில் அடைத்துவிடலாம் என்று அவளுடைய பெரிய குக்கரை அடுப்பில் ஏற்றினேன், மூடியை எந்தப் பக்கம் திருகுவாளோ யாருக்குத் தெரியும், பாதிக் கறி இப்போது கூரையில் இருக்கிறது, சத்தம் கேட்டு ஆடுகள் வேலியை உடைத்து ஓடிப்போய் முட்டைக்கோசு பூராவும் மேய்ந்துவிட்டன. பக்கத்துப் பண்ணை ஓபல்தான் அவற்றை ஓட்டிவந்தாள். "உலகம் அழிஞ்சாக்கூட நீ பொழச்சுக்குவ. பொண்டாட்டி இல்லாம ஒரு மாசம் தாங்க மாட்ட போலிருக்கே!" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று நிலவறைக்குப் போனேன். இரண்டு பேருக்கு இரண்டு வருஷம் என்று சேர்த்த கோதுமை. ஒருத்தனுக்கு அது நாலு வருஷம் வரும். அந்தக் கணக்கு மண்டையில் ஏறியதும் அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை, மெரிட். எதிரே ஆளில்லாமல் நாலு வருஷம் எப்படித் தின்பேன்?

ஆகவே அவளிடம் சொல்லுங்கள்: ஒத்திகையை விட்டுத் தொலைத்தேன். ரகசியச் சொல்லும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பூட்டைக் குளத்தில் எறிந்துவிட்டேன். எப்படியாவது அனுப்பிவையுங்கள்.

உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் இருக்கட்டும். குழாய் உறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வெர்லின்

பி.கு.: சனிக்கிழமை மட்டும் கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். எறிந்த பூட்டை அப்புறம் வலைபோட்டு எடுத்துவிட்டேன், நல்ல பூட்டு. அப்படியே சனிக்கிழமை வந்தாலும் பாதகமில்லை. அன்று கதவுக்கு வெளியே நின்று கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னாளே, அதுதான் இந்த வாரச் சொல். அடுத்த வாரமும் அதுதான். அவள் வந்து சொல்லும்வரை மாற்றுவதாயில்லை.