நான் மறைத்த சிவப்புப் பட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் மேல் தப்பு கிடையாது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர அத்தனை பேரும் இதை மறுப்பார்கள். மறுக்கட்டும். எழுதுவது நான்தானே.

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். நாம் ஏலக்காய் விலையைத் தேடிப் போயிருப்போம். முதலில் ஒரு பெட்டி குறுக்கே வந்து, "அறிவிப்புகள் அனுப்பட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்றால் மூலையிலிருந்து ஒரு பொம்மை தலையை நீட்டி, "நான் உதவலாமா?" என்று கேட்கும். அதையும் தாண்டினால் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கி, நாம் கீழே போகப் போக அதுவும் கூடவே வரும். (எங்கள் தெரு நாய்கூட டீக்கடையோடு நின்றுவிடும்.)

நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டிய எனக்கு, போன் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி கிடைத்தது. பிடிக்காத பெட்டியின் மேல் விரலை வைத்து அழுத்தினால் அதைச் சுற்றி ஒரு கோடு விழும். "மறை" என்று தட்டினால் ஆள் காலி. அன்றைக்கு மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தை எப்போது திறந்தாலும், அந்த இடத்தில் எது வந்தாலும், நம் கண்ணில் படாது.

அந்த வாரம் நான் கால் தரையில் படாமல் நடந்தேன். சோறு சாப்பிடும்போதுகூட இடது கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். ராசிபலன்காரரின் படத்தை மறைத்தேன், முடி உதிர்வுக்கு எண்ணெய் விற்ற அம்மாளை மறைத்தேன். சில பக்கங்களில் தேதி மட்டும்தான் மிஞ்சியது.

எங்கள் வட்டாரச் செய்திகளுக்கென்று ஒரு தளம் உண்டு. போடிமெட்டு மலைக்கு ஏறுகிறவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அதன் தலையில் ஒரு சிவப்புப் பட்டை நிற்காமல் ஓடும். நான் பார்த்தபோதெல்லாம் அதில் ஓடியது ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் பல் ஆஸ்பத்திரி விளம்பரமும்தான். அதையும் மறைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கதிருக்கு நிச்சயதார்த்தம். பெண் ஜெயந்தி, மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் இருப்பவள். அவளும் கதிரும் ஏற்கெனவே மனதுக்குள் கல்யாணமே முடித்திருந்தார்கள். இடையில் நின்றது அவளுடைய தாய்மாமன் ரத்தினம் ஒருவர்தான். ஒருமுறை நாள் குறித்து, அவர்கள் பந்திக்கு இலை போட்ட பிறகு, கதிருக்கு லீவு கிடைக்காமல் நாங்கள் போகவில்லை. அதிலிருந்து அவருக்கு எங்கள் மேல் நம்பிக்கை விட்டுப்போனது. "இந்த ஞாயித்துக்கெழம எமகண்டத்துக்கு முன்னாடி தட்டு மாத்தணும். இல்லைன்னா கம்பத்துல அவளுக்கு வேற மாப்ள இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதிர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ராத்திரி அடித்த மழையில் பூப்பாறைப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. காலையில் அப்பா கவலையாகக் கேட்டார். "ரோடு எப்படி கெடக்குன்னு யாருக்கிட்டயாவது கேட்டுருவமா ஆத்தா?"

"எதுக்குப்பா? நான் பாத்துட்டேன்" என்று போனை நீட்டினேன். பக்கம் குளித்துத் தலைவாரிய மாதிரி பளிச்சென்று இருந்தது. மழை என்று ஒரு சொல்கூட இல்லை. "எதுவும் இருந்தா போட்டிருப்பாங்கல்ல?"

வேன் ஓட்ட வந்த பாண்டியண்ணன் தானும் பார்க்கத் தன் போனை எடுத்தார். "அக்கா பாத்துட்டேன்னு சொல்லுதுல்ல, எடுங்கண்ணே வெரசா" என்று கதிர் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தான். (இதைப் பிற்பாடு யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. நான் சொல்லிக்காட்டுகிறேன்.)

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும் முன் லாரிகள் வரிசையாக ஓரம் கட்டி நின்றன. "என்னத்துக்கு நிக்குது?" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கெழம லோடு இருக்காதுப்பா" என்றேன்.

செக்போஸ்ட்டில் ஒருவர் குடையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சீர்த்தட்டுகளைப் பார்த்து வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் ஆட்டினேன். வளைவுகளில் ஏற ஏற பாண்டியண்ணன் முகம் சுருங்கியது. "எதுக்க ஒரு வண்டியக் காணோமே தங்கச்சி."

"ரோடு காலியா இருந்தா நல்லதுதானண்ணே?"

அம்மா மட்டும் மடியில் இருந்த தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவைத் திரும்பியதும் ரோட்டைக் காணவில்லை. மேலேயிருந்து மண்ணும் கல்லும் ஒரு மரமும் மொத்தமாக இறங்கி ரோட்டில் படுத்திருந்தன. ஒரு ஜேசிபி அள்ளிக்கொண்டிருந்தது.

பாண்டியண்ணன் வண்டியை நிறுத்தி, தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தார். சிவப்புப் பட்டை கம்பீரமாக ஓடியது: 'போடிமெட்டு மலைச்சாலையில் மண்சரிவு. வாகனங்கள் செல்ல வேண்டாம்.' எல்லோரும் என் போனை எட்டிப் பார்த்தார்கள். அதில் அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"எப்படி ஆத்தா, அவருக்கு வருது, உனக்கு வரல?" என்றார் அப்பா.

விளக்கினேன். கோடு விழுவது, தட்டுவது, மறைவது என்று விவரமாகத்தான் விளக்கினேன். வேனுக்குள் யாரும் பாராட்டவில்லை. கதிர் இறங்கிப் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தள்ளுபடியையும் மண்சரிவையும் ஒரே பட்டையில் ஓடவிட்டவனை விட்டுவிட்டு ஊரே என்னைப் பார்த்தது. அதற்குக் கோபமும் வந்தது.

அப்போதுதான் மண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப்பு வந்து நின்றது. ரத்தினம் மாமா இறங்கினார். இந்தத் தடவையும் ஏமாற்றுகிறோமா என்று நேரில் பார்த்துவிட வந்திருந்தார். ஜெயந்தியின் அம்மா விடாப்பிடியாகப் பெண்ணையும் தட்டையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாமா எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ரோடு மூடிக் கெடக்குன்னு காலைல இருந்து சொல்றாக. தெரிஞ்சுமா ஏறி வந்தீக?" என்று கத்திக் கேட்டார்.

அப்பா உண்மை பேசுகிறவர். வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா மாமா. வாக்குக் குடுத்தாச்சுல்ல."

அவர் முகம் இளகுவதை மண்மேட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்க முடிந்தது. ஆனாலும் வாட்ச்சைப் பார்த்தார். எமகண்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. "தட்டு கைக்கு வரணுமே ஆத்தா. எப்படி வரும்?"

நான் ஜேசிபியிடம் போனேன். ஓட்டியவர் கேரளாக்காரர். நான் கேட்டதும் எஞ்சினையே நிறுத்திவிட்டார்.

"சேச்சி, தேங்கா உருண்டு போயால் ஞான் பொறுப்பில்லா."

"தேங்காய்க்கு நான் பொறுப்பு. நீங்க வண்டிக் கையைத் தூக்குங்க" என்றேன்.

மண் அள்ளும் பக்கெட்டில் என் பழைய துப்பட்டாவை விரித்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பட்டுப்புடவை, பூ எல்லாம் வைத்த தட்டை வைத்தோம். இரும்புக் கை மெதுவாக உயர்ந்து, மண்ணைத் தாண்டி, ரத்தினம் மாமாவின் முன்னால் பணிவாக இறங்கியது. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். அவர்கள் தட்டு அதே வழியில் எங்களுக்கு வந்தது. அம்மா குலவை போட, அந்தப் பக்கம் ஜெயந்தியின் அம்மாவும் போட, ஜேசிபிக்காரர் தன் பங்குக்கு ஹாரன் அடித்தார். ஜீப்புக்குள் ஜெயந்தி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவன் எப்போது எழுந்து போய் மண்மேட்டு விளிம்பில் நின்றான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். அந்தப் பட்டை என் கண்ணில் பட்டிருந்தால் நாங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்போம். மாமா வந்து பார்த்துவிட்டு, கம்பத்துக்கு ஆள் அனுப்பியிருப்பார். என் தம்பிக்கு ஜெயந்தி கிடைத்தது யாரால்? இந்தக் கேள்வியை நான் வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

கல்யாணப் பந்தியில் பாண்டியண்ணன் பாயசம் இறங்கிய உற்சாகத்தில் மொத்தக் கதையையும் ரத்தினம் மாமாவிடமே சொல்லிவிட்டார். மாமா என்னைத் தூரத்திலிருந்து நீண்ட நேரம் பார்த்தார். நானும் திருப்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கரண்டி காணவில்லை என்றாலும், கண்ணாடி காணவில்லை என்றாலும், "அவ மறைச்சிருப்பா" என்பதுதான் முதல் பேச்சு. ஜெயந்தி வந்து சேர்ந்த பிறகு அவளும் கற்றுக்கொண்டாள். நான் அசரவில்லை. கருவியையும் எடுக்கவில்லை. அந்தப் பட்டை என் போனில் இன்றுவரை மறைந்தேதான் இருக்கிறது. ரோட்டு நிலவரம் வேண்டுமென்றால் பாண்டியண்ணனுக்குப் போன் போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ரத்தினம் மாமா போடிக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது என்னிடம் வந்து தன் போனை நீட்டினார். "என்னத்தத் தொறந்தாலும் ஏதாவது ஆடிக்கிட்டே நிக்குது ஆத்தா. கண்ணு வலிக்குது. நீ ஏதோ செய்வியாம்ல."

நான் உடனே வாங்கவில்லை. "இது கெட்ட சாமான்னு ஊர் முழுக்கச் சொல்றாக மாமா" என்றேன்.

"சொல்றவகளுக்கு என்ன சோலி. நீ செய்யி."

செய்துகொடுத்தேன், ஒன்று விடாமல். அவர் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கடைசி ஜீப்பைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து வாசலில் செருப்பை மாட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அவ கையில போனக் குடுத்தீகளா?"

"குடுத்தேம்மா."

"அப்ப இன்னைக்கு மலை ஏற வேண்டாம். தங்கிட்டுக் காலைல போங்க."

மாமா என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார், ஒரு மேகம்கூட இல்லை. பிறகு செருப்பைக் கழற்றினார்.