போலாரம் போகமாட்டேன்

இந்தத் தசராவுக்கு நான் போலாரம் போகமாட்டேன். இதை முதலில் குளியலறைக் கண்ணாடியிடம் சொன்னேன். அது எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் வெளியே வந்து என் மனைவி பியூலாவிடமும் சொன்னேன்.

"பல் தேச்சிட்டீங்களா?" என்றாள்.

எந்தப் புரட்சியையும் அவள் இப்படித்தான் வரவேற்பாள்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். சிகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் அவளுடைய அண்ணன் ஜோசியாவின் பங்களா இருக்கிறது. மச்சான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பட்டாளம்தான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. கல்யாணமானதிலிருந்து இருபது வருஷமாக, தசரா விடுமுறையென்றால் எங்களுக்கு நாலு நாள் அங்கேதான். காலை ஐந்து மணிக்கு விசில். அவருடைய இரண்டு நாய்களும் எனக்கு முன்னால் எழுந்து நிற்கும். ஐந்தேகாலுக்கு என் கையில் வேலி வெட்டும் கத்தரி. அந்த வேலி வருஷம் முழுக்க வளர்வதே எனக்காகத்தான். குஷாய்குடா ஆலையில் என் கீழே பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். போலாரத்தில் என் கீழே இருப்பது ஏணி மட்டும்.

"கிராமத்துக்குப் போறோம்," என்று போனை அவளிடம் நீட்டினேன்.

ஜனகாம் பக்கம் ஒரு ஊர். அங்கே ஓட்டல் கிடையாது. ஊர்ப் பெண்கள் சங்கமே சுற்றுலா நடத்துகிறது. வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. அந்த வீட்டில் நாலு பேர் தங்கலாம். படத்தில் ஒரு வேப்பமரம், அடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் யாரும் இல்லை. "ரூஃபஸ், வா" என்று அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

ஒரே சிக்கல், தெலுங்கு. தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது வரவில்லை. சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த பியூலாதான் எனக்கு வாய். ஆனால் அந்த வாய் நான் சொன்னதை ஒருநாளும் சொன்னதில்லை. போன கோடையில் தாமதமாக வந்த தண்ணீர் லாரிக்காரரை ஆத்திரம் தீரத் திட்டினேன். அவள் அதைத் தெலுங்கில் சொல்லி முடித்ததும் அவர் என்னைக் கும்பிட்டார். டீயும் குடித்துவிட்டுப் போனார்.

"இந்தா பாரு," என்றேன். "நான் சொல்லுதத ஒரு எழுத்து மாறாம சொல்லணும்."

"கைக்கு? நான் என்னைக்கு மாத்தினேன்?" 'எதுக்கு' என்பது அவள் ஊர் உருதுவில் 'கைக்கு'.

"தண்ணி லாரி."

"அவரு பாவம்."

"பாவத்த எல்லாம் ஞாயித்துக்கிழமை கோயில்ல பேசிக்கிடலாம். பிளெசி, நீயும் உக்காந்து கேளு. அம்மா மாத்தினா உடனே சொல்லு."

கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குத் தமிழ் புரியும். பதில்தான் வேறு மொழியில் வரும். "ஓகே டாடி," என்றாள், தலை நிமிராமல்.

மறுமுனையில் சங்கத் தலைவி யாதம்மா. ஸ்பீக்கர் போடாமலேயே ஸ்பீக்கர் போட்டது மாதிரி ஒரு குரல்.

"நமக்கு இடம் இருக்காம்," என்றாள் பியூலா. "ஆனா வீட்டு ஆளு மாதிரி இருக்கணுமாம். ஆளுக்கு ஒரு வேலை உண்டாம். உங்களுக்கு என்ன வேலை தெரியும்னு கேக்குதாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு வேலையும் செய்யமாட்டேன்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே."

சொன்னாள்.

"இது பருத்தி எடுக்குற நேரமாம். காலையில ஒரு மணி நேரம் எடுத்தாப் போதுமாம்."

"பருத்திச் சட்டை போடுவேன். பருத்தி எடுக்கமாட்டேன்."

"எருமை குளிப்பாட்டலாமாம்."

"பாலைக் குடிப்பேன். அதுக்கு மேல எருமைக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

"அஞ்சு மணிக்கு எல்லாரும் எந்திரிச்சிருவாங்களாம்."

"நல்லா எந்திரிக்கட்டும். நான் எட்டு மணிக்கு. கட்டிலு மரத்தடியிலதான் கிடக்கணும். நிழல் நகந்தா கட்டிலையும் நகத்தணும். நான் அதுல படுத்திருக்கும்போதே."

ஒவ்வொன்றையும் அவள் நிறுத்தி நிதானமாகத் தெலுங்கில் சொன்னாள். நான் மகளைப் பார்த்தேன்.

"வேர்ட் டு வேர்ட், டாடி," என்று கட்டைவிரலைத் தூக்கினாள்.

சங்கம் கூடிப் பேசிவிட்டு மறுநாள் சொல்வார்களாம். சொல்லட்டும். இருபது வருஷத்தில் முதல்முறையாக என் பேச்சு சேதாரமில்லாமல் ஒரு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து, கட்டிலுக்கென்று ஒரு காற்றுத் தலையணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பியூலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. நானும் பிளெசியும் வரலாமாம்."

"நான்?"

"உங்கள வேண்டாங்காங்க. பன்னெண்டு பேரு உக்காந்து பேசினாங்களாம். பன்னெண்டு பேரும் வேண்டாம்னு கை தூக்கிட்டாங்களாம்."

"நீ என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

"நீங்க சொன்னத."

"கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். பிளெசி என்னைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

"அப்ப யாரும் போகவேண்டாம்," என்றேன்.

"நக்கோ, அதெல்லாம் முடியாது. நான் போகத்தான் போறேன். இருவது வருஷமா போலாரத்துல நாலு நாளும் நான் அடுப்படியிலதான் நின்னேன். நீங்களாவது வேலி வெட்டுதேன்னு வெளிக்காத்து வாங்கினீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷத்தில் அந்த அடுப்படிக்குள் நான் ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அதை வெளியே காட்டிக்கொண்டால் புரட்சி என்ன ஆவது? விறைப்பாகவே நின்றேன்.

"மிச்சம் ரெண்டு இடம் சும்மாதான கிடக்கும்?"

"அண்ணனும் ஆனி மதினியும் வாராங்க. அண்ணன் அஞ்சு மணிக்கே விசில் அடிப்பாருன்னு சொன்னேன், யாதம்மாவுக்கு ஒரே சந்தோசம். அங்க ஆம்பளைங்கதான் பாத்திரம் விளக்கணுமாம். அண்ணன் சரின்னுட்டாரு."

மச்சான் பாத்திரம் விளக்குகிறார். அந்தக் காட்சியைப் பார்க்க நான் எத்தனை வேலி வேண்டுமானாலும் வெட்டுவேன். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நடக்கப் போகிறது, நான் அங்கே இருக்கமாட்டேன்.

அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. மச்சானும் ஊரில் இல்லை. பியூலாவும் இல்லை. விசில் இல்லை, கத்தரி இல்லை, ஏணி இல்லை. நாலு நாள், என் வீடு, என் கட்டில். தோற்றதுபோல் தெரிந்தாலும் ஜெயித்தது நான்தான்.

"சந்தோசமாப் போயிட்டு வாங்க," என்று தலையணையை ஊத ஆரம்பித்தேன். "நான் வீட்டுலயே படுத்துக்கிடுதேன். எவன் வந்து கூப்பிட்டாலும் போலாரம் மட்டும் போகமாட்டேன்."

"உங்கள யாரு போகச் சொன்னா?" என்றாள் பியூலா, துணியிலிருந்து கண்ணெடுக்காமல். "அந்த ரெண்டு நாயையும் எங்க விடுததுன்னு அண்ணனுக்குக் கவல. இங்கயே கொண்டாந்து விட்டுருங்கன்னு சொல்லிட்டேன்."

இதோ, இன்று தசரா. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், நான் போலாரம் போகவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு இரண்டு நாய்கள் என்னைக் குஷாய்குடா முழுக்க நடக்கக் கூட்டிக்கொண்டு போகின்றன.