மாமனார் லாரிக்கு டர்போ மாட்டிய அன்று

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. "தெரியாது" என்பதுதான் அது. குழம்பில் உப்பு சரியா, ஏரித் தண்ணீர் சித்திரை வரைக்கும் தாங்குமா, அடுத்த ஆட்சி யாருடையது, எதைக் கேட்டாலும் விவரம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் நன்றாகத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். லாரி விஷயத்தில் ஒருமுறை ஆட்டியதுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் இருந்த பெரிய இயந்திரம் தறிதான். மெக்கானிக்கல் படித்தேன் (எப்படிப் பாஸானேன் என்பதில் எனக்கும் கல்லூரிக்கும் ஒரே அளவு குழப்பம்). ஒரகடத்துப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெண் பார்க்கப் போன அன்று, "பையன் கார் செய்றான்" என்று என் சித்தப்பா சொல்லிவிட்டார். நான் செய்தது கார்க் கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டையை வைத்து அழுத்துவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே கதவு, அதே ரப்பர். அந்தக் காருக்குள் இன்ஜின் இருக்கிறது என்பதையே நான் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

பெருநகர் என்கிற கிராமத்தில் என் மாமனார் ஏகாம்பரத்துக்கு நிலமும், மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றும் இருந்தன. லாரி கொஞ்ச நாளாக இழுக்க மறுத்தது. உத்திரமேரூர் மெக்கானிக் வந்து டர்போவைக் கழற்றி, பிரித்துப் பழுது பார்க்க அனுப்பிவைத்தார். டர்போ என்பது பெரிய நத்தைக் கூடு மாதிரி ஒரு சாமான். உள்ளே ஒரு சக்கரம் சுற்றி, இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளும். (இந்த விவரம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் கட்டுரையே இல்லை.)

டர்போ புத்தம் புதிதாகத் திரும்பி வந்த அன்று மெக்கானிக்குக் கண் வலி. இரண்டு கண்ணும் தக்காளிப் பழமாகச் சிவந்து, திறக்கவே முடியவில்லையாம். இங்கேயோ அறுத்த நெல் முழுவதும் களத்தில் திறந்தவெளியில் கிடந்தது. செய்யாற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் நெல்லை ஏற்றாவிட்டால் ஒரு போக நெல்லும் நனைந்து முளைத்துவிடும். அறுப்புக் காலத்தில் வாடகை வண்டியும் அகப்படவில்லை.

மாமனார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவன் இல்லன்னா இன்னா, நம்ம மாப்ள கீறாரே. காரே செய்றவரு. இது இன்னா பெரிய வேலயா அவருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

என் மனைவி கௌரி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "நெசமாவே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அடிப்படையெல்லாம் ஒன்றுதான் என்றேன். எந்த இரண்டுக்கும் அடிப்படை ஒன்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

போனில் வீடியோ தேடினேன். டர்போ மாட்டுவதை அழகாகக் காட்டுகிற ஒருவர் கிடைத்தார். அவர் பேசிய பாஷை எந்த நாட்டுடையது என்று கடைசி வரை தெரியவில்லை. நடுநடுவே சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன், ஏனென்றால் லாரி டிரைவர் கன்னியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் ஒரே பதில். இது உள்பக்கமா, வெளிப்பக்கமா என்றால் "அதான் சார்" என்பார். இந்த நட்டு இங்கேயா, அங்கேயா என்றால் அதற்கும் "அதான் சார்". நான் தெரிந்து கேட்கிறேன் என்று அவரும், அவர் தெரிந்து சொல்கிறார் என்று நானும் நம்பியதில் வேலை மளமளவென்று நடந்தது.

வீடியோக்காரர் எல்லா ஓட்டைகளிலும் துணியை அடைத்தார். தூசி போகாமலிருக்க என்று ஊகித்தேன். கௌரி ஒரு பழைய பனியனைக் கிழித்துக் கொடுத்தாள். நானும் எல்லா ஓட்டைகளிலும் அடைத்தேன். அப்புறம் அவர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது சிக்னல் போய்விட்டது. போன் திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணில் பட்ட துணிகளை எடுத்தேன். நட்டுகளை முடுக்கினேன். மேலே ஆயில் வரும் குழாயையும், கீழே ஆயில் திரும்பிப் போகும் குழாயையும் பூட்டினேன். காற்று வடிகட்டியிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாய்க்கு மட்டும் கிளிப்பைக் காணோம். முதலில் வண்டி கிளம்பட்டும், குழாயை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கன்னியப்பன், "அதான் சார்" என்றார்.

கௌரியின் அம்மா, என் அத்தை, குளித்து வந்து, பித்தளைத் தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். கன்னியப்பன் சாவியைத் திருப்ப, லாரி ஒரே உறுமலில் கிளம்பியது. மாமனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தெருவில் போன ஒருவரை நிறுத்தி, "எங்க மாப்ள மாட்டுனது" என்றார். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு உயரமாக நின்றதில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இலேசாக வெள்ளைப் புகை வந்தது. புது சாமான், அப்படித்தான் வரும் என்றேன். புகை கனத்தது. அப்புறம் யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே இன்ஜின் சத்தம் தானாக ஏறியது. கன்னியப்பன் வண்டியை அணைக்கிற குமிழைப் பிடித்து இழுத்தார். சத்தம் இன்னும் ஏறியது. சாவியை உருவிக் கையில் எடுத்துக் காட்டினார். லாரி அதைச் சட்டை செய்யவில்லை. அவர் கதவைத் திறந்து குதித்தார். என்ன செய்வது என்று கேட்டேன். அன்றைக்கு முதல்முறையாக அவர் "அதான் சார்" என்று சொல்லவில்லை.

எனக்குப் பேட்டரி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒயரைக் கழற்றினேன். சாவி இல்லை, பேட்டரி இல்லை, டீசல் நிறுத்தியாகிவிட்டது, டிரைவர் கீழே நிற்கிறார், லாரி முன்னைவிட வேகமாக அலறுகிறது. எனக்கு ஒரு கணம் இது லாரிதானா என்றே சந்தேகம் வந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். நான் கன்னியப்பனைப் பார்த்தேன். புகையில் அவரைக் காணவில்லை.

தெரு முழுக்க வெள்ளையாகிவிட்டது. புகைக்குள்ளிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தீ என்று பயந்து ஓடி வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களோ பிள்ளைகளை வெளியே இழுத்து, புகை உள்ளே போகட்டும் என்று கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுக் கோமளா அக்கா மட்டும் என் அருகில் வந்து, கடமையைச் செய்கிற ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்.

"இம்மாம் மாசம் கழிச்சி இன்னைக்கித்தான் கொசு மருந்து அடிக்க வந்துகீறீங்க. அப்படியே எங்க வூட்டாண்ட சாக்கடைக்கும் காட்டிட்டுப் போங்க தம்பி."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தலையை ஆட்டியிருப்பேன்.

அப்போதுதான் அத்தை புகைக்குள் நுழைந்தார். பானட்டைத் தூக்கியே வைத்திருந்தோம். டர்போவின் வாய், குழாய் மாட்டாததால் திறந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அத்தை நேராகப் போய், கற்பூரம் அணைந்த தாம்பாளத்தை அந்த வாயின் மேல் வைத்தார். பட்டென்று அது தட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டது. இன்ஜின் இரண்டு தடவை விக்கி, உடம்பை உலுக்கி, அடங்கியது.

எப்படி நின்றது என்று மாமனார் கேட்டார்.

"வாயத் தொறந்துகினு கத்திச்சி. மூடனேன்" என்றார் அத்தை.

கொசு மருந்து பார்க்க வந்தவர்களில் டிராக்டர் வைத்திருந்த ஒருவரும் இருந்தார். விஷயம் கேட்டுச் சிரித்தவர், சிரித்த தோஷத்துக்கு டிராக்டரைக் கொண்டுவந்தார். கூட்டம் மொத்தமும் களத்துக்கு வந்து மூட்டை தூக்கியது. நானும் தூக்கினேன். அதில் குழப்பம் ஒன்றுமில்லை. கடைசி மூட்டை வீட்டுக்குள் போனபோது மழை பிடித்துக்கொண்டது.

கண் சரியானதும் மெக்கானிக் வந்தார். ஆயில் திரும்பிப் போகிற குழாயைக் கழற்றி, விரலை விட்டு, கறுத்துப்போன ஒரு துணியை இழுத்து இழுத்து எடுத்தார். ஆயில் போக வழியில்லாமல் டர்போவில் கசிந்து இன்ஜினுக்குள் போயிருக்கிறது. இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. அதற்கு டீசலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். காற்றை அடைத்தால்தான் நிற்கும். மாமனார் அந்தத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். "என் பனியன்" என்றார். டர்போ மறுபடி சாக்கில் சுற்றப்பட்டுப் பழுதுக்குப் போனது.

அன்றிலிருந்து பெருநகரில் என் பெயர் கொசு மருந்து மாப்பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு, "மருந்து கொண்டாந்தியா மாப்ள" என்கிறார். கௌரிக்கு என் மேல் கோபம் வந்தால் தாம்பாளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

போன தையில் என் மகளுக்குக் காது குத்தினோம். பந்தியில் இலை போட்டிருந்த நேரம் பார்த்து, நிஜமான கொசு மருந்து வண்டி தெருவில் புகை விட்டுக்கொண்டு போனது. கோமளா அக்கா சோற்றைப் பிசைந்தபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு மருந்தா" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். "எங்க ஏகாம்பரம் மாப்ள அன்னிக்கு அடிச்சாரு பாரு, ஒரு வாரத்துக்குக் கொசு எட்டிப் பாக்கல."