ரெண்டாவது ஜன்னலில் மாமனார்

அறுபத்தேழாம் வருஷப் பாஸ்கா பண்டிகையோடு, அதாவது ஈஸ்டரோடு, என் மாமனாரைத் தரையிறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் பெயர் வியாகுலம். ஊர் கம்பைநல்லூர். யுத்தத்துக்கு முன்னால் பினாங்கில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி விமானத்தில் பறந்தாராம். அத்தாட்சியாக ஒரு பழைய போட்டோ வைத்திருந்தார். கடலில் ஒரு விமானம் நிற்கும். சக்கரத்துக்குப் பதில் அடியில் ரெண்டு மிதவை. ரெண்டாவது ஜன்னலில் மிளகு அளவுக்கு ஒரு தலை.

"அது நான்தான்" என்பார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. நான் பெங்களூரில் விமான ஷெட்டில் ரிவிட் அடித்துவிட்டு வந்து, அரூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஒவ்வொரு பண்டிகைப் பந்தியிலும், "மாப்பிள்ளை ஏரோப்ளேனைத் தொட்டவரு. நான் ஏறுனவன்" என்பார். அத்தனை இலையும் சிரிக்கும்.

எனக்கு அந்தத் தலைமேல் சந்தேகம். தலையைவிட விமானத்தின் மேல் சந்தேகம். "சட்டம் போட்டுத் தர்றேன் மாமா" என்று போட்டோவை வாங்கி வந்தேன். பெங்களூர் நடைபாதையில் வாங்கிய தடிமனான விமானப் புத்தகத்தை விரித்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

வாலில் ஒரு எழுத்து. ஜே!

கரண்டியோடு வந்தாள் என் மனைவி ராஜமேரி.

"ஏனுங்க, எங்கப்பா படத்துல என்ன தேடறீங்க?"

"சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறவரு கதவை ஏன் சாத்துனீங்க?"

"காத்து."

"வெளியில ஒரு எலை அசையல. விசயத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். "இது வெள்ளைக்காரன் விமானமே இல்ல. ஜப்பான் விமானம். பாரு, ஜே!"

"ஜேன்னா ஜேம்ஸா இருக்கக்கூடாதா?"

"விமானத்துக்கு ஞானஸ்நானமா குடுப்பாங்க?"

"அப்போ சண்டை விமானமோ?"

"அதுக்குச் சிவப்பு வட்டம் இருக்கும். எழுத்து இருந்தா ஜனங்க ஏறுறது. புத்தகத்துல பாரு. அதே இரட்டை இறக்கை, அதே மிதவை. பின்னால நிக்கிற படகுல ஜப்பான் எழுத்து. படம் புடிச்சதே ஜப்பான்லதான். உங்கப்பா ஏதோ கடையில வாங்கிட்டு வந்திருக்காரு!"

"அந்தத் தலை?"

"எவனோ ஜப்பான்காரன்."

கரண்டி பறக்கும் என்று குனிந்துகொண்டேன். பறக்கவில்லை.

"உண்மைன்னா சொல்லிடுங்க. பந்தியிலயே சொல்லிடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுருக்காக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அன்றைக்கு ரசத்தை முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

பாஸ்கா வந்தது. கம்பைநல்லூரில் பந்தி நிறைந்தது. மாமனார் புதுச் சட்டம் போட்ட படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"அது நான்தான்."

கனைத்துக்கொண்டு எழுந்தேன். கறி பரிமாற வந்த ராஜமேரி, மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் இடது கையில் திணித்தாள்.

"இதையும் அடையாளம் சொல்லிடுங்க" என்றாள், என் காதுக்கு மட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு அனுப்பிய மாப்பிள்ளைப் படம். விமானத்தின் முன்னால் நான். நெற்றியில் விமானி கண்ணாடி.

"இது என்ன விமானமுங்க?"

"அது... பெங்களூர்ல..."

"இறக்கையில சுருக்கம் வுழுந்திருக்குது. ஏரோப்ளேனைத் தொவைச்சுக் காயப்போட்டாங்களா? அடியில, ஏரோப்ளேன் வரைஞ்ச சீலை பறக்காம இருக்க வெச்ச செங்கல்லு தெரியுது. எல்லாம் உங்க பூதக்கண்ணாடியிலதான் பாத்தேன். எங்கப்பா இதைப் பாத்துத்தானுங்க ஆபீசர்னு நம்பிப் பொண்ணு குடுத்தாரு. ரெண்டையும் ஒண்ணாவே சொல்லிடுங்க."

"என்ன மாப்பிள்ளை, எந்திரிச்சுட்டீங்க?" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா. படத்தை நல்லா ஆராய்ச்சி பண்ணிப் பாத்தேன்."

பந்தியில் மெல்லும் சத்தம் நின்றது.

"அந்தத் தலை... நீங்களேதான்."

மாமனாரே திகைத்துப்போனார். "எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"மூக்கு, மாமா."

இப்போதெல்லாம் பந்தியில் மாமனார் அந்தக் கதையைச் சொல்வதில்லை. "மாப்பிள்ளை ஆராய்ச்சி பண்ணுனவரு, அவரே சொல்லட்டும்" என்று என்னை எழுப்பி விட்டுவிடுகிறார்.